கிளை அறுந்தால் வழி அறும்: தேவாங்கு கேள்வி–பதில்

சென்ற இதழில் கடவூர் தேவாங்கு சரணாலயம் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வெளியிட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, ‘தோட்டத்தில் பார்த்தேன், என்ன செய்வது?’ என்ற வகை. மீதி லெமூர், லெமூரியா, மாந்திரீகம், யூடியூப் என்று பல திசைகளில் போகின்றன. முடிந்தவரை எல்லாவற்றுக்கும் இங்கே பதில் சொல்கிறோம்.

தேவாங்கைச் சிலர் குரங்கு என்கிறார்கள், சிலர் லெமூர் என்கிறார்கள். எது சரி?
– திருச்சி வாசகர்

இரண்டும் இல்லை. ஆனால் இரண்டுக்கும் உறவு. குரங்கும் மனிதனும் சேர்ந்த பிரைமேட் வரிசையில், ஈர மூக்குக்காரர்கள் என்று ஒரு கிளை உண்டு. மடகாஸ்கரின் லெமூர்கள், ஆப்பிரிக்காவின் புஷ்பேபிகள், நம் தேவாங்கு எல்லாம் அந்தக் கிளை. நாய்க்கு இருப்பதுபோல ஈரமான மூக்கு இருக்கும். கீழ்த்தாடையின் முன்பற்கள் சீப்புபோலச் சேர்ந்து முன்னால் நீண்டிருக்கும். காலின் இரண்டாம் விரலில் மட்டும் சொறிவதற்கென்று கூரிய நகம். மற்ற விரல்களில் நமக்குள்ளது போலத் தட்டை நகம்தான்.

குழப்பத்தைத் தொடங்கி வைத்தவர் லின்னேயஸ். 1758இல் தேவாங்குக்கு அவர் வைத்த பெயரே ‘லெமூர் டார்டிகிராடஸ்’, அதாவது மெல்ல நடக்கும் லெமூர். ரோமானியர்களின் நம்பிக்கையில் ‘லெமூரஸ்’ என்பவை இரவில் உலவும் ஆவிகள். இரவில் வெளிவந்து மெல்ல நகரும் இயல்பு அவருக்கு ஆவியை நினைவூட்டியது. பின்னாளில் தேவாங்கைப் பிரித்து ‘லோரிஸ்’ என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள்.

அப்படியானால் லெமூரியா கண்டத்துக்கும் இந்த விலங்குக்கும் தொடர்பு உண்டா?
– மதுரை வாசகி

பெயரே அங்கிருந்துதான் வந்தது. லெமூர்களும் அவற்றின் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியப் பக்கத்திலும் இருக்கின்றனவே, நடுவில் கடல் இருக்கிறதே என்று குழம்பிய இங்கிலாந்து விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், 1864இல் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போன ஒரு நிலத்தைக் கற்பனை செய்து அதற்கு ‘லெமூரியா’ என்று பெயரிட்டார். கடல்கோள் பற்றிய நம் பழைய குறிப்புகளோடு அது பிற்காலத்தில் சேர்த்துப் பேசப்பட்டது.

இன்று அந்தக் கற்பனை தேவைப்படவில்லை. நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது தெளிவாகிவிட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. லெமூர்களின் முன்னோர் அதற்கு வெகு காலம் கழித்து, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரத்திரளில் மிதந்து மடகாஸ்கர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதே இப்போது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். குமரிக்கண்டம் பற்றி வாதிடுபவர்கள் தேவாங்கைச் சாட்சிக்கு அழைக்காமல் இருப்பது நல்லது.

கடவூர் சரணாலயத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போனால் தேவாங்கைப் பார்க்கலாமா?
– கரூர் வாசகர்

பகலில் போனால் முட்புதரைத்தான் பார்க்கலாம். அது உயிரியல் பூங்கா அல்ல. 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, தேவாங்குக்கென்றே அமைந்த நாட்டின் முதல் சரணாலயம். பரப்பு 11,806 எக்டேர். கரூர் மாவட்டத்தில் கடவூர் வட்டம், திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர், திண்டுக்கல் கிழக்கு, நத்தம் வட்டங்கள் என்று பரவிக் கிடக்கும் வறண்ட குன்றுக்காடுகள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம், இரவில் சொல்லவே வேண்டாம். குழந்தைகளுக்குக் காட்ட விரும்பினால் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

உண்மையில் இந்த வட்டாரத் தேவாங்குகளில் பல காட்டுக்குள் இல்லை, காட்டோரத்துத் தோட்டங்களிலும் வேலிகளிலும் இருக்கின்றன. அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான்.

எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. இடையிடையே கருவேலம், இலந்தை, கள்ளி. அதில் தேவாங்கு இருப்பதாக ஆடு மேய்ப்பவர்கள் சொல்கிறார்கள். வேலியை அப்பா காலத்துக்குப் பிறகு வெட்டவே இல்லை, இப்போது வெட்டியாக வேண்டும். கம்பி வேலி போடலாமா என்றும் யோசனை. தேவாங்குக்குப் பாதிப்பு வராமல் எப்படிச் செய்வது?
– அய்யலூர்ப் பக்கத்து விவசாயி

இந்த மாதத்தில் வந்ததிலேயே உருப்படியான கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறோம்.

முதலில் அதன் உடம்பைப் புரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துத் தேவாங்கு கால் கிலோ சுமார். வால் கிடையாது. குரங்குபோலத் தாவாது, தாவ அதனால் முடியாது. ஒரு கிளையைப் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு உடலை நீட்டி, அடுத்த கிளையைக் கை பிடித்த பிறகே முதல் பிடியை விடும். அதற்கேற்ற கைதான். ஆள்காட்டி விரல் குறுகி ஒட்டிப்போயிருக்கும், கட்டைவிரல் எதிர்ப்பக்கம் முழுதாக விரியும், குறடு மாதிரி. கைகால்களில் ரத்தக் குழாய்கள் வலைப்பின்னலாக ஓடுவதால் மணிக்கணக்கில் பிடித்தாலும் மரத்துப்போகாது. இவ்வளவு வசதியும் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் பயன்படும். தான் நீண்டு எட்டும் தூரத்தைவிட இடைவெளி அதிகமானால் தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். தரையில் நாய், வாகனம், மனிதன்.

ஆகவே உங்கள் வேலி அதற்கு வீடு மட்டும் அல்ல, சாலையும் கூட.

வெட்டும் முறைக்கு வருவோம். முழுச் சுற்றையும் ஒரே பருவத்தில் வெட்டாதீர்கள். மூன்றாகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பங்கு வெட்டுங்கள். முதல் பங்கு தழைத்து அடர்ந்த பிறகுதான் இரண்டாவதில் கை வைக்க வேண்டும். வெட்டும் பகுதியிலும் ஆள் உயரத்துக்குக் கீழே போகாமல் நிறுத்துங்கள். வேலியும் பெரிய மரமும் சந்திக்கும் இடத்தில் கிளைகளை விட்டுவிடுங்கள், அங்கேதான் ஏறி இறங்கும். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே ஆண்டில் எதிர்ப்பக்கத்தை மொட்டையடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒன்றுதான் பல இடங்களில் கோட்டைவிடப்படுகிறது. ஆளுக்கு ஒரு பக்கம் நியாயமாகத்தான் வெட்டுவார்கள், மொத்தத்தில் வழி போய்விடும்.

அரிவாள் எடுப்பதற்கு முந்தின நாள் பகலில் புதரின் அடர்ந்த பகுதிகளை நிதானமாகப் பாருங்கள். பொந்தில் தூங்காது. முள் நெருக்கத்துக்குள், கிளைக் கவட்டில், தலையைக் கால்களுக்கிடையே புதைத்துச் சாம்பல் நிற உருண்டையாக இருக்கும். தாய், குட்டிகள், சில நேரம் ஓர் ஆண் என்று ஒரே உருண்டையாகச் சேர்ந்தும் தூங்கும். கண்டால் அந்தத் துண்டை விட்டுவிட்டு வேறிடத்தில் வேலை செய்யுங்கள். சத்தம் போட்டால் ஓடிவிடும் என்று எண்ண வேண்டாம். பகலில் கலைத்தால் இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஜேசிபி வைத்துப் புதர் அழிக்கும்போதும், முள்ளைக் குவித்து அங்கேயே தீ வைக்கும்போதும் செத்துப்போகின்றன. குட்டி போடாத மாதம் பார்த்து வெட்டலாமா என்றால், ஆண்டில் இரண்டு முறை இணைசேரும் விலங்கு இது, கர்ப்பம் சுமார் ஐந்தரை மாதம். முழுக்கப் பாதுகாப்பான மாதம் என்று எதையும் குறித்துக் கொடுக்க முடியாது. பார்த்துவிட்டு வெட்டுவதுதான் வழி.

சீமைக்கருவேலத்தை ஒழிப்பது நல்ல காரியம். ஆனால் நாட்டு முள்மரங்கள் போய்விட்ட இடத்தில் தேவாங்கு அதற்குள்தான் ஒண்டிக்கொண்டிருக்கும். முதலில் இடையில் உடைமரம், வெள்வேல், இலந்தை, கிளுவைப் போத்து நட்டு, அவை கைகோத்த பிறகு சீமைக்கருவேலத்தைப் பகுதி பகுதியாக எடுங்கள். வரிசை மாறினால் நடுவில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அதற்குப் போக்கிடம் இருக்காது.

கம்பி வேலி போட்டே ஆக வேண்டுமென்றால் உயிர்வேலிக்கு உள்பக்கமாகப் போடுங்கள், உயிர்வேலியை எடுத்துவிட்டு அல்ல. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது சட்டப்படி குற்றம். பன்றிக்கு வைத்ததில் தேவாங்கும் சாகும், பக்கத்துத் தோட்டத்துக்காரரும் சாவார்.

வண்டிப்பாதை குறுக்கே வந்து வேலி அறுந்திருந்தால் கயிற்றுப் பாலம் கட்டலாம். கட்டைவிரல் பருமனுள்ள கயிறு அல்லது பழைய ரப்பர் தண்ணீர்க்குழாய் போதும். வைக்கோல் லாரி போகிற பாதை என்றால் 5 மீட்டருக்குக் குறையாத உயரம். இரு முனைகளும் வெறும் கம்பத்தில் முடியக் கூடாது, இலையடர்ந்த கிளைக்குள் போய் முடிய வேண்டும். இல்லையென்றால் அதற்கு அது பாதையாகவே தெரியாது. தொய்வில்லாமல் இழுத்துக் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை முடிச்சுகளைப் பார்த்து, கயிறு மரத்தை இறுக்கினால் தளர்த்துங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டவே வேண்டாம். ஜாவாவின் மேற்குப் பகுதியில், சிப்பகாந்தி என்ற ஊரில், விவசாயிகளின் பாசனக் குழாய்களையே இப்படி மரத்துக்கு மரம் உயர்த்திக் கட்டினார்கள். பயிருக்குத் தண்ணீரும் போனது, அங்குள்ள ஜாவா தேவாங்குகளும் அதில் நடந்தன. குழாய் விவசாயிக்கும் வேண்டியது என்பதால் பராமரிப்புக்குத் தனி ஆள் தேடும் வேலை இல்லை. இந்த யோசனை நமக்கும் ஒத்துவரும்.

திண்டுக்கல்–திருச்சி நெடுஞ்சாலை போன்ற அகலமான இடத்தில் தனிநபர் எதுவும் கட்ட முடியாது. வனத்துறையும் நெடுஞ்சாலைத் துறையும் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

தேவாங்கு பழத்தோட்டத்துக்கு நஷ்டம் செய்யுமா?
– நத்தம் வாசகர்

செய்யாது. அய்யலூர்க் காட்டில் 1990களில் தேவாங்கைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ஆனா நெகாரிஸ் பதிவு செய்ததில், அது தின்றதில் 96 விழுக்காடு பூச்சி முதலிய சிற்றுயிர்கள்தாம். எறும்பு, கறையான், வண்டு, வெட்டுக்கிளி. மற்றவை வாயே வைக்காத, கடிக்கிற, நாற்றமடிக்கிற பூச்சிகளையும் தின்னும். எப்போதாவது பல்லி, கொஞ்சம் மரப்பிசின். மாம்பழத்தில் பல் பதிந்திருந்தால் வவ்வாலையோ மரநாயையோ கேளுங்கள். பூச்சிமருந்தை அள்ளித் தெளிக்கும் தோட்டத்தில் அதற்குச் சாப்பாடு இருக்காது, அவ்வளவுதான்.

காலையில் கிணற்றடியில் ஒரு தேவாங்கு கிடந்தது. காகங்கள் கொத்தின. பிடித்து வாழைப்பழமும் பாலும் கொடுத்தோம், சாப்பிடவில்லை. மறுநாள் செத்துவிட்டது. என்ன தவறு செய்தோம்?
– மணப்பாறை வாசகி

நல்ல மனத்தோடுதான் செய்திருக்கிறீர்கள். அடுத்த முறைக்காகச் சொல்கிறோம்.

முதல் வேலை நாயைக் கட்டுவது, காகத்தை விரட்டுவது, கூட்டத்தைக் கலைப்பது. இரண்டாவது, வனச்சரக அலுவலகத்துக்குப் போன். வைத்திருப்பதே குற்றம் என்பதால் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது. காயம் இல்லாமல் சும்மா வழிதவறி வந்ததென்றால் கையால் தூக்கவே வேண்டாம். விரல் பருமனுள்ள ஒரு கொம்பை அதன் கைக்கு முன்னால் நீட்டுங்கள், தானே பற்றி ஏறும். கொம்போடு தூக்கி அருகிலுள்ள அடர்ந்த புதரில் வைத்துவிடலாம். பற்றியிருக்கும் பிடியிலிருந்து இழுத்துப் பிய்க்கக் கூடாது, விரல் ஒடியும். மின்கம்பியில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கும்வரை பக்கத்தில் போகாதீர்கள்.

காயமோ தளர்ச்சியோ இருந்தால் பழைய பருத்தித் துணியை மேலே போர்த்தி, துணியோடு சேர்த்து எடுத்து அட்டைப் பெட்டியில் விடுங்கள். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலமும் உயரமும் உள்ள பெட்டி. பென்சில் நுழையும் அளவில் நாலு பக்கமும் துளைகள், பிடித்துக்கொள்ளக் குறுக்கே ஒரு கொம்பு, கொஞ்சம் இலைதழை. மூடிக் கட்டி, இருட்டான, சத்தமில்லாத, வெயில் படாத இடத்தில் வையுங்கள். அதன் கண் நட்சத்திர வெளிச்சத்துக்கு அமைந்தது. உள்ளே விழும் ஒளியை இன்னொரு முறை விழித்திரைக்குத் திருப்பி அடிக்கும் படலம் பின்னால் உண்டு. பகல் வெளிச்சமும் செல்போன் பிளாஷும் அதற்குச் சித்திரவதை.

பால் வேண்டாம், வயிற்றோட்டம் வரும். வாயில் சொட்டுச் சொட்டாக எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். ஓர் இரவு பசி அதைக் கொல்லாது. பயமும் வெப்பமும்தான் கொல்லும். உங்கள் வீட்டில் நடந்ததும் இதுவாக இருக்கலாம், காகம் கொத்திய உள்காயமாகவும் இருக்கலாம்.

கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், எந்தக் காட்டு விலங்கு கடித்தாலும் இதுதான்.

நலமாக இருந்தால் வனத்துறையினர் இருட்டிய பிறகு, கிடைத்த அதே இடத்தில், மரத்தில் விடுவார்கள். ‘பாதுகாப்பான காடு’ என்று முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அதற்கு அங்கே வழி தெரியாது, உள்ளூர்த் தேவாங்குகள் இடமும் தராது.

இன்னொன்று. இரவில் குட்டி மட்டும் தனியாகக் கிளையில் இருந்தால் அநாதை என்று எடுத்துவிடாதீர்கள். சில வாரம் வளர்ந்த குட்டியைத் தாய் ஓரிடத்தில் ‘நிறுத்திவிட்டு’ இரைதேடப் போவது வழக்கம். விடிவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளும்.

இரவில் தோட்டத்தில் தேவாங்கு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வேடசந்தூர் கல்லூரி மாணவர்

டார்ச்சைக் கையில் பிடிக்காதீர்கள், நெற்றியில் கட்டுங்கள். கண்ணிலிருந்து திரும்பும் ஒளி, வந்த வழியேதான் போகும். விளக்கு உங்கள் கண்மட்டத்தில் இருந்தால்தான் தெரியும். டார்ச்சின் கண்ணாடிமேல் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டுங்கள், சிவப்பு வெளிச்சம் அதைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, மணிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகாத நடையில், இருபுறமும் புதரின் அடி முதல் உச்சி வரை பாருங்கள். இரண்டு கண்ணும் முன்னோக்கி, நெருக்கமாக, தணல் போல ஆரஞ்சாக மின்னினால் தேவாங்கு. தரையில் ஒற்றையாகச் சிவப்பாக மின்னி, கிட்டே போனதும் பறந்தால் பக்கி என்ற இரவுப் பறவை. இலைமேல் வெள்ளைப் பொட்டாகப் பல மின்னினால் சிலந்தி. கண்டதும் விளக்கை அதன் முகத்திலிருந்து விலக்கிவிடுங்கள். நடந்த தூரத்தையும் கண்ட எண்ணிக்கையையும் குறித்து வைத்தால் ஆண்டுக்காண்டு ஒப்பிடலாம். சொந்தத் தோட்டத்தில் மட்டும் செய்யுங்கள், காப்புக்காட்டில் வேண்டாம்.

தேவாங்கைக் கிச்சுக்கிச்சு மூட்டினால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ரசிக்கும் வீடியோ பார்த்தேன். வளர்க்க முடியுமா?
– சென்னை வாசகி

அது நம் தேவாங்கு அல்ல, தென்கிழக்கு ஆசியாவின் குண்டுத் தேவாங்கு. ரசிக்கவும் இல்லை. முழங்கைக்கு உட்புறம் அதற்கு ஒரு சுரப்பி உண்டு. அந்தச் சுரப்பை நக்கி எச்சிலோடு கலந்தால் விஷம். கையைத் தூக்குவது சுரப்பியை வாய்க்குக் கிட்டே கொண்டுவரும் தற்காப்பு. அதன் கடியால் மனிதர்களுக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வந்ததுண்டு. சந்தையில் விற்பவர்கள் அதனால்தான் பல்லை நறுக்கிவிடுகிறார்கள், வாய் சீழ் பிடித்துப் பல செத்துவிடுகின்றன. 2007 முதல் அதன் சர்வதேச வணிகம் தடை செய்யப்பட்டிருக்கிறது. இங்கே எந்தத் தேவாங்கையும் வளர்க்க முடியாது.

தேவாங்குக் கண்ணில் மருந்து செய்வார்கள் என்று பாட்டி சொல்வார். இன்னும் நடக்கிறதா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

நடப்பதால்தான் வழக்குகள் பதிவாகின்றன. கண்ணோய்க்கு மருந்து, வசியத்துக்கு மை என்று காலங்காலமாக வதைத்திருக்கிறார்கள். இருட்டில் நன்றாகப் பார்க்கும் விலங்கின் கண் நம் கண்ணைக் குணமாக்கும் என்ற கணக்கு. கண்ணில் எதையாவது பூசிக் கிருமித்தொற்று வாங்குவதைத் தவிர அதில் பலன் இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

மடகாஸ்கரில் லெமூர்கள் உண்மையிலேயே அழிகின்றனவா?
– புதுச்சேரி வாசகர்

2020இல் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்ட 107 இனங்களில் 103 அழியும் ஆபத்தில் இருந்தன, 33 மிக நெருக்கடியில். நெல்லுக்காகக் காட்டை வெட்டிச் சுடும் ‘தாவி’, கரிக்கு மரம் வெட்டுவது, இறைச்சி வேட்டை ஆகியவை காரணங்கள். 2009 ஆட்சிக் குழப்பத்தின்போது மசோலா, மரோஜெஜி தேசியப் பூங்காக்களுக்குள்ளேயே புகுந்து ரோஸ்வுட் வெட்டினார்கள்.

இதில் சின்ன இரவு லெமூர்களின் கதை தனி. கொழுப்புவால் குள்ள லெமூர் மேற்குப் பகுதியின் வறண்ட காட்டில் ஏழு மாதம் வரை மரப்பொந்தில் தூங்கும், வாலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டே. பொந்தின் சுவர் மெல்லியதாக இருந்தால் அதன் உடல்வெப்பம் வெளியில் உள்ள வெயிலோடு ஏறி இறங்கி ஒரே நாளில் 20 டிகிரி வரைகூட மாறும். இதற்குப் பொந்து விழுந்த பழைய மரம் வேண்டும். இளமரம் நட்டுக் காட்டைத் திருப்பித் தந்தாலும் பொந்து வர எத்தனையோ பத்தாண்டு ஆகும். மெனாபே காடுகளில் மட்டும் வாழும் மேடம் பெர்த் சுண்டெலி லெமூர் சுமார் 30 கிராம், பிரைமேட்களிலேயே சிறியது. அந்நாட்டு ஆய்வாளர் பெர்த் ரகோதோசமிமனானாவின் பெயர் அதற்கு. ஐ-ஐ என்ற லெமூர் கம்பிபோன்ற நடுவிரலால் மரத்தைத் தட்டிக் கேட்டுப் புழு எடுக்கும். அந்த விரல் யாரைக் காட்டுகிறதோ அவருக்குச் சாவு என்ற நம்பிக்கையில் கண்ட இடத்தில் கொல்பவர்கள் உண்டு. ‘ஃபாதி’ எனப்படும் அதே ஊர்க் கட்டுப்பாடுதான் சில இடங்களில் இந்திரி லெமூரைக் கொல்லக் கூடாது என்று காத்தும் வருகிறது.

இலங்கையில் இருப்பதும் இதே தேவாங்குதானா?
– யாழ்ப்பாண வாசகி

வடக்கு, கிழக்கின் வறண்ட பகுதியில் இருப்பது நம் சாம்பல் தேவாங்கின் உட்பிரிவு. தென்மேற்கின் மழைக்காட்டில் சிவப்புத் தேவாங்கு, இன்னும் சிறியது. அதன் மலைநாட்டு வகையை அழிந்ததாகவே எண்ணியிருந்தார்கள், 2010இல் ஹோர்ட்டன் சமவெளியில் எடுத்த படங்கள் வெளியாயின. அங்கே தேயிலைக்கும் உருளைக்கிழங்குக்கும் காடு துண்டாடப்பட்டதால் ஒரு துண்டிலிருந்து மறுதுண்டுக்குப் போக வழியில்லை. சிங்களத்தில் அதற்கு ‘உனஹபுளுவா’ என்று பெயர். நம் ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு’ அங்கே ‘உனஹபுளுவாவுக்குத் தன் குட்டி மாணிக்கம்’.

தேவாங்கு தன் சிறுநீரால் கைகால் கழுவுமாமே?
– ஒட்டன்சத்திரம், எட்டாம் வகுப்பு மாணவி

ஆமாம். உள்ளங்கையிலும் பாதத்திலும் தேய்த்துக்கொள்ளும். நடக்கும் கிளையெல்லாம் அதன் வாசனை ஒட்டும், ‘இது என் வழி’ என்பதற்கு. பிடிப்பு வழுக்காமல் இருக்க என்றும், கடிக்கும் எறும்பைத் தின்னும்போது எரிச்சல் தணிய என்றும் சொல்வார்கள். அறிவியல் கண்காட்சியில் செய்முறையாகக் காட்ட வேண்டாம்.